கேமராவை ஒரு ராத்திரி எங்களிடம் விடுங்கள்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் மேடம் அவர்களுக்கும் கல்லூரி நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை காலை கேமரா அறைக் கதவில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் படித்தேன். இனிமேல் எந்தக் கருவியும் கேம்பஸ் கேட்டைத் தாண்டக் கூடாது, லேப் உதவியாளர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான் தொடலாம் என்று அதில் போட்டிருக்கிறது. காலை 10 மணிக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி, மாலை 4 மணிக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்றாவது இதுவரைக்கும் இருந்தது. அந்த நேரத்தை ஓர் இரவுக்கு நீட்டித் தாருங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்டது கிடைக்கவில்லை. இப்போது இருந்ததும் போய்விட்டது.

இதைப் பற்றி ஆங்கிலத்தில் மூன்று முறை மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. அட்மிஷன் அன்று என் அம்மாவை எதிரில் உட்கார வைத்து, "பயப்படாதீங்கம்மா, இங்க எல்லாமே கையால செஞ்சு கத்துக்கற படிப்புதான்" என்று தமிழில் சொன்னீர்கள், மேடம். அல்சூர் வீடு வந்து சேரும் வரைக்கும் அம்மா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வார்த்தையை நம்பித்தான் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். அம்மாவும் படிக்கட்டும்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. இறுதியாண்டுப் படம் எடுக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் கேமராவை ஒரு ராத்திரி கொடுங்கள். மாலையில் வாங்கி, மறுநாள் காலை 10 மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடுவில் விழும் வெளிச்சம் எப்படிப்பட்டது என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் வருடம் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்: உச்சி வெயில் நெற்றியிலும் மூக்கிலும் அடித்து, கண் இருக்கும் இடத்தைக் கறுப்புக் குழியாக்கிவிடும்; முகத்தை எடுக்கக் காலையும் மாலையும்தான் நேரம். பெங்களூரில் டிசம்பரில்கூடச் சூரியன் மறைய ஏறக்குறைய 6 மணி ஆகிறது. டிராஃபிக்குக்குப் பயந்து நாங்கள் இரண்டரை மணிக்கே டிரைபாடை மடக்கிவிடுவோம். மூன்று வருடத்தில் எங்கள் வகுப்பின் 42 பேரில் ஒருவர்கூடக் கல்லூரிக் கேமராவில் ஒரு விடியலையோ அந்தியையோ எடுத்ததில்லை. இயற்கை வெளிச்சத்தைக் கையாண்ட விதத்துக்காகவே பாலு மகேந்திராவைப் படிக்கிறோம். அவர் முதன்முதலாக இயக்கிய படம் 1977-இல் வந்த ஒரு கன்னடப் படம் என்று நீங்கள் சொன்னபோது, கர்நாடகத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணாக எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அவர் படங்களின் காலை வெளிச்சத்தைப் ப்ரொஜெக்டரில் பார்த்து நோட்டில் குறிப்பெடுக்கிறோம். எழுந்து போய் அதை எடுத்துப் பார்க்க எங்களுக்கு வழியில்லை.

லேப் நேரம் இருக்கிறதே என்பீர்கள். சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளிப்பதிவு பிராக்டிகல் 2 கிரெடிட். பிராக்டிகலில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு 2 மணி நேரம், ஆகவே வாரம் 4 மணி நேரம். 15 வாரத்துக்கு 60 மணி நேரம். வேலை செய்யும் கேமரா இரண்டு, நாங்கள் 42 பேர். ஒரு வகுப்புகூட ரத்தாகாமல் நடந்திருந்தாலும் செமஸ்டர் முழுவதற்கும் ஆளுக்கு 3 மணி நேரம் வராது. அதிலும் பாதி, முன்னால் எடுத்தவர் மாற்றி வைத்த செட்டிங்கைத் திரும்பச் சரி செய்வதில் போய்விடும். மூன்றாவது கேமரா ஒன்று பீரோவில் இருக்கிறது. அதன் திரையில் கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. போன வாரம்கூடப் பார்த்தேன், ஓரத்தில் லேசாகக் காற்றுப் புகுந்து மேலெழும்பியிருந்தது.

இனி என் படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

என் அம்மா 23 வருடமாகப் பூ வியாபாரம் செய்கிறார். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து கே.ஆர். மார்க்கெட் போய் உதிரிப்பூ வாங்கி வந்து, கட்டி, அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கத்தில் விற்கிறார். அந்த மார்க்கெட்தான் என் படம். பத்து மணிக்கும் அங்கே பூ இருக்கும். ஆனால் நான் எடுக்க நினைத்தது அப்போது இருக்காது. ஓசூர்ப் பக்கமிருந்து வரும் டெம்போக்கள் மூட்டை இறக்குவது, கட்டை அவிழ்த்ததும் செவ்வந்தி சரிந்து குவிவது, கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து விலை பேசுவது, அம்மா கையை மூட்டைக்குள் விட்டு அடியில் இருக்கும் பூ நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது எல்லாமே நாலு மணியிலிருந்து ஆறு மணிக்குள் முடிந்துவிடும்.

இரவுக்குக் கேமரா கேட்டு எழுதிக் கொடுத்தேன். மறுத்துவிட்டீர்கள். அப்புறம் அம்மா சீட்டு எடுத்த பணத்திலிருந்து 3,200 ரூபாய் கொடுத்தார். கேமரா, லென்ஸ், டிரைபாட் மூன்றுக்கும் ஒரு நாள் வாடகை. கடையில் அசல் ஆதார் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த 3,200 ரூபாய்க்கு அம்மா எத்தனை முழம் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும், கூடவே உட்கார்ந்து கட்டுகிறவள் நான்.

மார்க்கெட்டின் மாடி வராந்தாவில் கேமராவை வைத்துக் கீழே பார்த்தேன். ஒயரில் வரிசையாகத் தொங்கும் எல்.இ.டி. பல்புகளுக்குக் கீழே மஞ்சள் மஞ்சளாகக் குவியல். ஒரு அக்கா இரண்டு கையாலும் பூவை அள்ளித் தராசில் வீசிக்கொண்டிருந்தார். வீசும் பூ கலங்கித் தெரியக் கூடாதென்று ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, விநாடியில் 1/125 பங்காக வைத்தேன். சின்னத் திரையில், அந்த அவசரத்தில், எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டால், மஞ்சள் பூவின் மேல் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு ஷாட் பாக்கியில்லை.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் அந்த மாதிரி பல்பு விநாடிக்கு 100 முறை துடிக்கும், ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால்தான் பட்டை விழாது என்பது எனக்குத் தெரியாததா மேடம்? மூன்றாம் செமஸ்டர் தேர்வில் 10 மதிப்பெண் கேள்வியாகவே வந்தது. படம் போட்டு எழுதினேன். பத்துக்குப் பத்து போட்டீர்கள். அவ்வளவு தெரிந்தும் அன்று என் விரல் தப்பான எண்ணில் போய் நின்றது. அதற்கு முன்னால் விளக்கு வெளிச்சத்தில் நான் தனியாக ஒரு ஷாட்கூட எடுத்ததில்லை. ஒரே ஒரு ராத்திரி கல்லூரிக் கேமராவோடு எங்கள் தெருவிலேயே நின்றிருந்தால் அந்தத் தப்பை அங்கே செய்து, பார்த்து, திருத்திக்கொண்டிருப்பேன். அம்மாவின் காசில் செய்திருக்க மாட்டேன்.

"நல்லா வந்திருக்கா?" என்று பூ கட்டிக்கொண்டே அம்மா கேட்டார். வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இதைப் படிக்கும்போதுதான் அவருக்கு உண்மை தெரியப்போகிறது.

மறுபடி வாடகைக்குப் பணம் இல்லை. போனில் எடுத்தேன். ரஃப் கட், அதாவது முதல் கட்டமாகக் கோத்த படத்தின் மதிப்பீட்டில் தொழில்நுட்பத் தரம் போதாது என்று 20-க்கு 7 போட்டிருக்கிறீர்கள். மதிப்பெண்ணைக் கூட்டிப் போடச் சொல்லி இதை எழுதவில்லை. தரம் போதாதுதான், எனக்கே தெரிகிறது. தரமாக எடுக்கும் கருவி பீரோவில் இருக்கும்போது அதைக் கொடுக்காமல் பூட்டிவிட்டு, தரம் இல்லை என்று எழுதுவது மட்டும் மனதை அறுக்கிறது.

இரவில் வெளியே அனுப்பினால் பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்று காரணம் சொன்னீர்கள். உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் என் அம்மாவும் அவரைப் போன்ற நூற்றுக்கணக்கான பெண்களும் அந்த நேரத்தில்தான் அந்த மார்க்கெட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் படம் எடுக்க வேண்டுமானால் அவர்கள் இருக்கும் நேரத்தில்தான் போக வேண்டும். நாலு பேர் கொண்ட குழுவாகப் போகிறோம், பெற்றோரிடம் கையெழுத்து வாங்கித் தருகிறோம்.

லென்ஸில் கீறல் விழுந்ததற்காகத்தான் இந்தச் சுற்றறிக்கை என்பதும் தெரியும். கீறல் போட்ட பையன் முதல் வருடம். அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக லென்ஸ் கழற்றுகிறான், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்கிறார்கள். கருவியோடு பழகியவர்கள் கையில் அது பத்திரமாக இருக்கும், பழக விடாமல் வைத்தால் ஒவ்வொரு முறையும் பயந்த கைதான் தொடும். டெபாசிட் கேளுங்கள், எல்லோரும் சேர்ந்து கட்டுகிறோம். கேமராக்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம். வாடகைக் கடைக்காரர் முன்பின் தெரியாத என்னை நம்பிக் கொடுத்தார். மூன்று வருடமாக எங்களைத் தெரிந்த நீங்கள் நம்பக் கூடாதா?

இந்த ஊருக்கு இந்தப் படிப்பு புதிதும் இல்லை. வி.கே. மூர்த்தி 1940-களில் இதே பெங்களூரில், ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு படித்தவர். தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர், 2008-ஆம் ஆண்டுக்கான விருது. ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான கோவிந்த் நிஹலானியும் அங்கே படித்தவர்தான். அந்தக் காலத்தில் பிலிமை அடிக்கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். தப்பாக எடுத்தால் பிலிமும் போச்சு, கழுவும் காசும் போச்சு. இன்று ஒரு மெமரி கார்டை அழித்துவிட்டு நூறு முறை எடுக்கலாம். தப்புச் செய்து கற்றுக்கொள்ள இவ்வளவு வசதியான காலத்தில் எங்களுக்கு ஏன் பூட்டு?

ஆண்டுக்கு ஒன்றே முக்கால் லட்சம் கட்டுகிறோம். எங்கள் கல்லூரி மட்டும் என்றில்லை, வேறு இரண்டு கல்லூரிகளில் இதே படிப்பு படிக்கும் தோழிகளும் இதையேதான் சொல்கிறார்கள். சேர்க்கும்போது ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டுவார்கள், சேர்ந்த பிறகு அந்தக் கதவு திறப்பதே இல்லை. நம் கல்லூரிக் கையேட்டின் அட்டையில் ஒரு பெண் மலை மேல் நின்று, மறையும் சூரியனைக் கேமராவில் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த அட்டையைப் பார்த்துத்தான் நான் இந்தப் படிப்பை எடுத்தேன். அப்படி ஒரு படம் எடுக்க நம் கல்லூரி விதியில் இடமில்லை என்று சேரும் அன்றே யாராவது சொல்லியிருந்தால், அம்மா இதற்காகத் தன் வளையலை அடகு வைத்திருக்க மாட்டார்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள் மேடம். லேப் அண்ணா மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. விதியை மீறாமல் எவ்வளவு உதவ முடியுமோ அவ்வளவு உதவுகிறார். நீங்கள் எவ்வளவு நெருக்கடியில் துறையை நடத்துகிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, குழுவுக்கு ஓர் இரவு என்று கேமராவைக் கொடுங்கள். 42 பேர், மொத்தம் பதினோரு குழு. இரண்டு கேமராவையும் கொடுத்தால் ஆறே இரவில் எல்லோருக்கும் கிடைத்துவிடும், பீரோவில் இருப்பதையும் எடுத்தால் நாலு இரவு போதும். படம் சமர்ப்பிக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பூவுக்குத் தேவை அதிகம். அதனால் வியாழக்கிழமை ராத்திரியே மார்க்கெட் நிறைய ஆரம்பித்துவிடும். வருகிற வியாழன் மாலை கேமரா கிடைத்தால், வெள்ளி காலை 10 மணிக்குத் துடைத்து, பாட்டரி சார்ஜ் போட்டு, நானே கொண்டுவந்து அண்ணாவிடம் கொடுத்துவிடுகிறேன். ரெஜிஸ்டரில் உங்கள் ஒரு கையெழுத்து வேண்டும், மேடம். தயவுசெய்து போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் இறுதியாண்டு மாணவி,
அல்சூர், பெங்களூரு