பிளாட்ஃபார்ம் குழுவினருக்கு, ஒரு புள்ளி குறித்து

எங்கள் நிறுவனத்துப் பிளாட்ஃபார்ம் குழுவினருக்கு வணக்கம்.

கோப்பு ஏறவில்லை என்று துருக்கி வாடிக்கையாளர் கொடுத்த புகார் டிக்கெட்டை மறுபடியும் மூடிவிட்டீர்கள். "செர்வர் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லவும்" என்று ஒரே வரி பதில். அதனால்தான் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுத வேண்டியதாயிற்று.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். படக் கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் ஜிஃப் என்று முடிந்தால் 'அனுமதி இல்லாத வகை' என்று நம் மென்பொருள் தள்ளிவிடுகிறது. பெயரைச் சின்ன எழுத்தாக்கித்தான் அது அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. லாகில், அதாவது மென்பொருளின் செயல்பதிவில், பார்த்தால் சின்ன எழுத்தில் ஜிஃப் என்றே தெரிகிறது. அனுமதிப் பட்டியலிலும் அதேதான். இரண்டையும் அருகருகே வைத்து முறைத்துக்கொண்டிருந்தோம். பைட் பைட்டாகப் பிரித்த பிறகுதான் பிடிபட்டது: நடு எழுத்தில், சின்ன ஆங்கில ஐ-யின் குறியீடான 69 இருக்க வேண்டிய இடத்தில் சி4 பி1. புள்ளியில்லாத ஐ. லாகின் பொடி எழுத்தில் அந்தப் புள்ளியை யார் கண்டார்?

துருக்கியில் புள்ளி வைத்த ஐ வேறு, வைக்காத ஐ வேறு. 1928-இல் லத்தீன் எழுத்துக்கு மாறியபோதே வந்த ஏற்பாடு அது. அங்கே புள்ளியில்லாத பெரிய ஐ-யைச் சின்னதாக்கினால் புள்ளியில்லாததுதான் கிடைக்கும். ஜாவா நிரல்மொழியைக் குறை சொல்லவும் வழியில்லை. லோகேல் (எந்த மொழியின் வழக்கம் என்ற குறிப்பு) கொடுக்காமல், சின்ன எழுத்தாக்கும் டூலோயர்கேஸை அழைத்தால் கணினியின் மொழியை எடுத்துக்கொள்ளும் என்று, துருக்கியையே உதாரணம் காட்டி ஆவணத்தில் எச்சரித்திருக்கிறார்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கோப்பு வகை, கட்டளைச் சொல் மாதிரி உள்வேலைகளுக்கு, எந்த மொழியையும் சாராத ரூட் லோகேலின் எழுத்து மாற்ற அட்டவணை. மனிதர் படிக்கும் உரைக்கு அவரவர் மொழியின் அட்டவணை.

நீங்கள் சொன்னபடி மொழியையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கோப்பு ஏறியது. ஆனால் பில்லில் பெரிய எழுத்தில் அச்சாகும், வாடிக்கையாளரின் ஊரான இஸ்மிரின் பெயரில் முதல் ஐ-க்குப் புள்ளி இருக்கிறது, இரண்டாவதுக்கு இல்லை. மாதப் பெயர்களும் ஆங்கிலமாகிவிட்டன. சொந்த ஊர்ப் பெயர் தப்பாக அச்சான பில்லை அவர் எப்படி வெளியே கொடுப்பார்?

உள்ளூர் மொழிகளில் சோதித்ததாகச் சொன்னீர்கள். தமிழிலும் இந்தியிலும்! பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லாத இரண்டு மொழிகளை வைத்து எழுத்து மாற்றத்தைச் சோதித்த சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். எழுத்து மாற்றும் நம் பழைய யூட்டிலிட்டியில் இன்னும் 256 கட்ட அட்டவணை, ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என்று உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மன் மொழியின் எஸ்ஸெட் என்ற சின்ன எழுத்தைப் பெரிதாக்கினால் வழக்கமாக இரண்டு எஸ் வரும். அதை எந்தக் கட்டத்தில் அடைப்பீர்கள்? ஜெர்மன்காரரையும் ஆங்கிலத்துக்கு மாறச் சொல்லிவிடலாம், வேலை மிச்சம். கணினியின் மொழியைப் பார்க்காத எழுத்து மாற்றத்துக்கு கோட்லின் நிரல்மொழி 1.5-இல் மாறியது, பிஎச்பி 8.2-இல் மாறியது. நாம் மட்டும் 'எங்க மெஷின்ல ஓடுதே' என்கிறோம்.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உள்வேலைக்கு ரூட், உரைக்கு அவரவர் மொழி: இதை மட்டும் தயவுசெய்து செய்து கொடுங்கள். லோகேல் சொல்லாத அழைப்பு கோடில் இருந்தால் கோடை மென்பொருளாக்கும் பில்ட் அங்கேயே நிற்கட்டும். சோதனைச் செர்வர் ஒன்றையாவது துருக்கி மொழியில் ஓட விடுங்கள். டிக்கெட்டை மறுபடி திறந்து, வாடிக்கையாளருக்கு நாங்கள் எந்தத் தேதியைச் சொல்லலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
சப்போர்ட் குழுவில் ஒருவர்