பாதசாரிகளுக்கு இன்னும் பத்து விநாடி கொடுங்கள்

பெருநகரங்களில் போக்குவரத்து சிக்னல்களுக்கு நேரம் குறிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாதசாரிகளுக்கான பச்சை விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும் என்று கணக்கிடும் முறையை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சாலையின் அகலத்தை நடப்பவரின் வேகத்தால் வகுக்கிறீர்கள். நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்பது பல நாடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு. அந்த ஆளைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை. அவருக்கு மூட்டுவலி கிடையாது, கையில் பெட்டி கிடையாது, இடுப்பில் குழந்தையும் கிடையாது.

சென்ற மாதம் உங்களில் ஒருவருடைய நகரத்தில் என் பெரியம்மாவோடு சாலையைக் கடந்தேன். பச்சை விழுந்த உடனேயே கிளம்பினோம். கைத்தடியை முதலில் கீழே ஊன்றி, பிறகு ஒரு காலை இறக்கி, அதன் பக்கத்தில் மறு காலையும் இறக்கி அவர் நடைபாதையை விட்டு இறங்குவதற்குள்ளேயே சில விநாடிகள் போய்விட்டன. நான்காவது தடத்தில் இருக்கும்போது விளக்கு சிவப்பாகிவிட்டது. ஒதுங்கி நிற்க நடுத்திட்டு இல்லை, தடங்களைப் பிரிக்கும் வெள்ளைக் கோடுதான் இருந்தது. அந்தக் கோட்டின் மேல் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். முன்னால் ஒரு பஸ், முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி. அந்தக் காற்றில் அவருடைய சால்வை பறக்க, நான் அதையும் அவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு வழியாகக் கரையேறியதும் அவர் கேட்டது ஒன்றுதான்: “இந்த ஊரில் வயதானவர்களே கிடையாதா?”

அந்தக் கேள்வியை உங்களிடம் சேர்ப்பிக்கவே இந்த மடல். பச்சை அணைந்த பிறகு விளக்கு சிமிட்டும் நேரமும் உண்டே என்பீர்கள். அந்த நேரத்தையும் அதே ஓட்டக்காரரை வைத்துத்தானே குறிக்கிறீர்கள்? 24 மீட்டர் சாலைக்கு உங்கள் கணக்கில் 20 விநாடி. விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒருவருக்கு அதே சாலைக்கு 30 விநாடி வேண்டும். உங்கள் நேரம் முடியும்போது அவருக்கு இன்னும் 8 மீட்டர் பாக்கி இருக்கும், அதாவது இரண்டு தடங்களுக்கும் மேல். நான் கேட்பது அந்தப் பத்து விநாடியைத்தான்.

முடியாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். சிங்கப்பூரில் 2009 முதல், மூத்த குடிமக்கள் சிக்னல் கம்பத்தில் தங்கள் சலுகை அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு கூடுதல் நேரம் எரிகிறது. அதே 2009-இல் வெளியான அமெரிக்கப் போக்குவரத்து சிக்னல் விதிக் கையேடு, சாலையைக் கடக்கும் வேகத்தை விநாடிக்கு 4 அடியிலிருந்து 3.5 அடியாகக் குறைத்தது. தைப்பே நகரத்து சிக்னலிலோ, 1999 முதல் பச்சை மனிதன் அசைந்து நடக்கிறான், நேரம் முடியப்போகும்போது ஓட்டமும் பிடிக்கிறான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. விளக்குக்குள் இருப்பவனையே ஓட வைத்தால், தடி ஊன்றி நடப்பவர் என்ன செய்வார்?

பொத்தான்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கில் பச்சை விளக்கு கேட்டுப் பாதசாரிகள் அழுத்தும் பொத்தான்களில் பெரும்பாலானவை செயலிழந்தவை என்பது 2004-லேயே செய்தித்தாளில் வந்த விஷயம். மக்கள் அதற்குப் பிறகும் அழுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். நம்பிக்கைக்கு ஒரு பொத்தான் வைத்த உங்கள் கருணையை என்னவென்பது! ஹனோயில் சிக்னலே இல்லாத சாலைகளில் மோட்டார் சைக்கிள் வெள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறேன். நிற்காமல், ஓடாமல், ஒரே சீராக நடந்தால் வண்டிகள் விலகிப் போகின்றன. மெதுவாக நடப்பதுதான் அங்கே பாதுகாப்பு. விதிகளும் விளக்குகளும் நிறைந்த உங்கள் சாலையில் மெதுவாக நடப்பது குற்றமாகிவிட்டது.

சாலை வேண்டாம், சுரங்க ரயிலில் போகலாம் என்று இறங்கினால் அங்கே படிக்கட்டு வரவேற்கிறது. பாரிஸ் மெட்ரோவின் பழைய நிலையங்களில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. நூறாண்டுக்கு முன் தோண்டியது என்று அவர்களாவது ஒரு சாக்குச் சொல்லலாம். நேற்றுக் கட்டிய நடைமேம்பாலத்துக்கு நாற்பது, ஐம்பது படி வைப்பவர்கள் எதைச் சொல்வார்கள்? வண்டிகள் சமதரையில் போகட்டும், மனிதர்கள் ஏறி இறங்கட்டும் என்று முடிவெடுத்த கூட்டத்தில் கால் வலிக்காரர் ஒருவர்கூட இல்லை போலிருக்கிறது. உலகச் சாலைகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்தோ, சைக்கிளிலோ, மோட்டார் சைக்கிளிலோ போனவர்கள். கார்களுக்காக விநாடிகளை மிச்சம் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது.

கோபத்தில் மெட்ரோ வரைக்கும் போய்விட்டேன், மன்னிக்கவும். லிஃப்ட் கட்டப் பணமும் காலமும் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. சிக்னல் நேரத்தை மாற்றத் தோண்டவும் வேண்டாம், இடிக்கவும் வேண்டாம், உங்கள் அலுவலகத்தில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். வாகனங்கள் கூடுதலாகச் சில விநாடி நிற்க வேண்டிவரும், அவ்வளவுதானே? அவற்றில் இருப்பவர்கள் உட்கார்ந்துகொண்டுதான் காத்திருப்பார்கள்.

ஆகவே அன்புகூர்ந்து, மருத்துவமனைகள், ரயில் நிலையங்கள், சந்தைகள் ஆகியவற்றின் அருகிலுள்ள அகலமான சாலைகளிலிருந்தாவது தொடங்குங்கள். கைத்தடி ஊன்றி நடக்கும் ஒருவரை அழைத்துச் சென்று, கடிகாரத்தோடு அவருக்குப் பின்னால் நடந்து, அவர் எதிர்ப்பக்க நடைபாதையில் இரண்டு காலையும் வைத்த பிறகு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தையே சிக்னலில் வையுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நகரங்களில் நடந்து திரியும் ஒரு பயணி