கிளாசிக் அவுட்லுக்கைத் திருப்பித் தாருங்கள்: தலைமை அலுவலகக் கணினிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

கேரளத்து ஏலக்காய் மலையிலுள்ள வண்டன்மேடு கிளைப் பணியாளர்கள் வணக்கத்துடன் எழுதுவது. அலுவலக முறைப்படி நாங்கள் அனுப்பிய கடிதங்களுக்கெல்லாம் 'தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்ற ஒரு வரி மட்டுமே பதிலாக வந்துகொண்டிருப்பதால், இம்மடலை எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று. எங்கள் கணினிகளிலிருந்து மைக்ரோசாஃப்டின் பழைய மின்னஞ்சல் செயலியான கிளாசிக் அவுட்லுக் நீக்கப்பட்டுப் புதிய அவுட்லுக் மட்டும் வைக்கப்பட்ட கதை தங்களுக்குத் தெரிந்ததே. அதைச் செய்தவர்களிடமே அதை விவரிப்பது அழகன்று. கோரிக்கை ஒன்றுதான். கிளாசிக் அவுட்லுக்கை எங்கள் கணினிகளில் மீண்டும் நிறுவித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பொறுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் இருந்தோம். விருதுநகரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அதற்கு இடம் தரவில்லை. நம்மிடம் பல ஆண்டுகளாக ஏலக்காய் எடுத்துவரும் அண்ணாச்சி ஒருவரின் 2020-21ஆம் நிதியாண்டுக் கணக்கு, ஜிஎஸ்டி மேல்முறையீட்டில் இருக்கிறது. அந்த ஆண்டு புத்தடி ஏலத்தில் எடுத்து அவருக்கு அனுப்பிய சில லாட்டுகளில் (ஏலத் தொகுதிகளில்), ஈரப்பதம் குறைந்ததால் எடையும் குறைந்து, அதற்காக நாம் விலையைக் குறைத்து கிரெடிட் நோட் கொடுத்திருக்கிறோம். நோட்டின் நகல் அவரிடம் இருக்கிறது. எதற்காகக் குறைத்தோம் என்ற பேச்சுவார்த்தையும், எடைச் சீட்டின் படமும், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகையும் அஞ்சலில் மட்டுமே இருக்கின்றன. "தம்பி, அந்த மெயிலை மட்டும் ஒருதரம் அனுப்பி விட்டுருங்க, வக்கீல் கேக்கிறாரு" என்று அவர் கேட்டார். கிளாசிக் அவுட்லுக் இருந்திருந்தால் அவர் தொலைபேசியை வைப்பதற்குள் அனுப்பியிருப்போம்.

அந்த அஞ்சல்கள் தொலைந்துபோகவில்லை என்பதுதான் எங்களை வாட்டுகிறது. 'டாக்குமென்ட்ஸ்' பகுதியில் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற கோப்புறையைத் திறந்தால், அவுட்லுக் அஞ்சல்களைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி கோப்புகள் ஆண்டுக்கு ஒன்றாக வரிசையாக இருக்கின்றன. எங்களுக்கு முன் இந்த மேசையில் இருந்தவர் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் 'புத்தடி ஏலம்', 'போடி ஏலம்', 'எடை வித்தியாசம்', 'லாரி வாடகை' என்று தமிழிலேயே பிரித்து, ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுத்தான் பணி ஓய்வு பெற்றார். 2020-21 என்று பெயரிட்ட கோப்பின்மீது இருமுறை சொடுக்கினால், இதை எந்தச் செயலியைக் கொண்டு திறக்க வேண்டும் என்று விண்டோஸ் எங்களைத் திருப்பிக் கேட்கிறது. கீழே அது காட்டும் பட்டியலில் நோட்பேடு இருக்கிறது, வேர்டு இருக்கிறது, படம் வரையும் பெயிண்ட்கூட இருக்கிறது; திறக்கக்கூடியது மட்டும் இல்லை.

புதிய அவுட்லுக்கிலேயே இப்போது பிஎஸ்டி கோப்பைப் படிக்க முடியுமே என்று தங்கள் பிரிவு நண்பர் ஒருவர் தொலைபேசியில் அறிவுரை சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்த வசதி வேலை செய்ய வேண்டுமானால் அதே கணினியில் கிளாசிக் அவுட்லுக்கும் நிறுவப்பட்டிருக்க வேண்டும், இரண்டும் 32 பிட் அல்லது 64 பிட் என ஒரே வகையாகவும் இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கமே சொல்கிறது. புது வீட்டின் பூட்டைத் திறக்கும் சாவி பழைய வீட்டுக்குள் இருக்க, பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு எங்களை அழைத்திருக்கிறீர்கள்.

பழைய அஞ்சலைக் கட்டிக்கொண்டு அழுவது இந்தக் கிளையின் சோம்பேறித்தனம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சட்டத்தையும் நினைவூட்டுகிறோம். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு நடந்தால் அது முடிந்த பிறகும் ஓராண்டுக் காலம் காக்க வேண்டியிருக்கும். 2020-21க்கான ஆண்டறிக்கையின் கடைசி நாள் நீட்டிக்கப்பட்டு 2022 பிப்ரவரி 28 ஆனது. ஆக, 2028 பிப்ரவரி வரை அந்தக் கோப்பைத் திறக்கும் நிலையில் வைத்திருப்பது நம் பொறுப்பு. திறக்க முடியாத கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று அதிகாரியிடம் சொல்லிப் பார்க்கலாம், அவர் சிரிக்கக்கூடும்.

கிளாசிக் அவுட்லுக் காலாவதியான செயலி, பாதுகாப்பற்றது என்று தங்கள் சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தது. அதை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை. புதிய அவுட்லுக் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2024 ஆகஸ்டில். அதன் பிறகும், ஏற்கெனவே உள்ள கிளாசிக் அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு தொடரும் என்று அதைத் தயாரிக்கும் நிறுவனமே அறிவித்திருக்கிறது. செய்தவர்களுக்கே இல்லாத அவசரம் நமக்கு எங்கிருந்து வந்தது? இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கட்டப்பனையிலோ கம்பத்திலோ ஏதாவது கணினிக் கடைக்குப் பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்து பார்த்துக்கொள்ளலாமே என்று வெளியார் ஒருவர் யோசனை சொன்னார். நம் வாடிக்கையாளர்களின் வங்கிக் கணக்கு எண்களும் விலைப் பேச்சுகளும் அடங்கிய கோப்பை ஜெராக்ஸ் கடையின் கணினியில் திறக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பாதுகாப்புக்காக எடுத்த ஒரு முடிவு, நேர்மையான பணியாளரை இப்படிப்பட்ட யோசனைகளைக் கேட்கும் நிலைக்குத் தள்ளியிருக்கிறது.

பழைய கோப்புகளை எல்லாம் சர்வருக்கு ஏற்றிவிட்டால் தொல்லை தீரும் என்ற வழியும் சொல்லப்பட்டது. ஏற்றுவதற்கும் கிளாசிக் அவுட்லுக்தான் எளிய வழி என்பது ஒருபுறம் இருக்கட்டும். இங்குள்ள இணைய இணைப்பின் நிலை தங்களுக்குத் தெரியும். ஏலக்காய்ப் பறிப்பு சூடுபிடிப்பதும் தென்மேற்குப் பருவமழை கொட்டுவதும் இந்த மலையில் ஏறக்குறைய ஒரே காலம். காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் மின்சாரமும் கேபிளும் சேர்ந்தே போகும். அத்தகைய நாள்களிலும் கிளாசிக் அவுட்லுக்கில், யுபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள், எந்த ஆண்டின் அஞ்சலையும் தேடி எடுத்து, லாரிக்காரருக்கு வேண்டிய விவரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். எல்லாம் நம் கணினியின் வட்டிலேயே இருந்தது. புதிய அவுட்லுக்கில் இணைப்பு இல்லாதபோதும் படிக்கும் வசதி பின்னர் சேர்க்கப்பட்டிருந்தாலும், நாம் குறிக்கும் அளவு நாள்களுக்கான அண்மை அஞ்சல்களே கணினியில் தங்குகின்றன. கொச்சியில் தலைமை அலுவலகத்தில் இருந்து பார்க்கும்போது இது பெரிய வேறுபாடாகத் தெரியாமல் இருக்கலாம்.

மேக்ரோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஏல நிறுவனங்கள் அனுப்பும் லாட் பட்டியல்களை, அஞ்சல் வந்தவுடன் பிரித்தெடுத்துத் தேதிவாரியாகச் சேமிக்கும் சிறிய நிரல் ஒன்று கிளாசிக் அவுட்லுக்கில் ஓடிக்கொண்டிருந்தது. புதியதில் அத்தகைய மேக்ரோக்களுக்கு இடமில்லை. இப்போது அதைக் கையால் செய்கிறோம். செய்துவிட்டுப் போகிறோம், அதற்காக இம்மடலை எழுதவில்லை.

பயிற்சிக் காணொளியைப் பற்றியும் பேசாதிருக்க முடியவில்லை. எல்லைக்கு இப்பால் இருந்தாலும் இந்தக் கிளையில் வரவு செலவு எழுதுபவர்களும், மூட்டை எண்ணுபவர்களும், அதைக் கீழே போடிக்கு இறக்குபவர்களும் தமிழிலேயே வேலை பார்க்கிறவர்கள் என்பதைத் தலைமை அலுவலகம் அறியாததன்று. மாற்றம் பற்றிய சுற்றறிக்கை ஆங்கிலத்தில் வந்தது, விளக்கக் காணொளி மலையாளத்தில் வந்தது, குறைகளைத் தெரிவிக்கும் படிவமோ புதிய அவுட்லுக்கின் வழியாக மட்டுமே அனுப்பத்தக்கதாக வந்தது. புதிய அவுட்லுக் எத்தனை அழகானது, அதன் நிறத்தை எப்படி மாற்றலாம் என்று காணொளி நிதானமாக எடுத்துச் சொல்கிறது. நிறத்தை மாற்றிக்கொண்டோம், இப்போது நீலமாக இருக்கிறது, அண்ணாச்சியின் அஞ்சல் இன்னும் கிடைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறோம். புதிய அவுட்லுக்கை நீக்குங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இரண்டும் ஒரே கணினியில் அருகருகே இருக்கக்கூடியவை. விரும்பியவர் விரும்பியதைத் திறந்துகொள்ளட்டும். எல்லாக் கணினிகளிலும் நிறுவ இயலாதென்றால், பில்லிங் மேசையிலும் கணக்குப் பிரிவிலும் உள்ள கணினிகளிலாவது கிளாசிக் அவுட்லுக்கை மீண்டும் நிறுவித் தர வேண்டுகிறோம். நிறுவியபின், புதியதிலிருந்து பழையதற்குத் திரும்ப உதவும் மேல் மூலைச் சுவிட்சைத் தங்கள் கொள்கை அமைப்பின் மூலம் மறைத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். தொலைவிலிருந்தே நிறுவ முடியுமானால், ஏலம் இல்லாத நாளில் காலையிலேயே கணினிகளை இயக்கி வைத்திருக்க எங்களில் ஒருவர் வந்துவிடுவார்.

மற்றொன்று, இதற்கு உடனடிக் கவனம் தேவை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், இங்குள்ள பழைய கணினிகளுக்கு மாற்றாகப் புதியவை வரவிருப்பதாகக் கேள்விப்படுகிறோம். பழையவற்றை எடுத்துச் செல்ல வரும் ஊழியர்கள், 'அவுட்லுக் ஃபைல்ஸ்' கோப்புறையை முழுமையாகப் புதிய கணினிக்குப் படியெடுத்து, அதைக் கிளாசிக் அவுட்லுக்கில் திறந்து எங்களுக்குக் காட்டியபிறகே பழைய வட்டை அழிக்க வேண்டும் என்று எழுத்து மூலம் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அந்த உத்தரவு வரும்வரை பில்லிங் மேசைக் கணினியை யாரிடமும் ஒப்படைப்பதாக இல்லை என்பதையும் அதே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வண்டன்மேடு கிளைப் பணியாளர்கள்