ரப்பிங் போடும் முன் வாளியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. கோவையில் எந்த டிங்கரிங், பெயின்டிங் பட்டறைக்குப் போனாலும் இந்த வாரம் ஒரே பேச்சுதான்: "அண்ணா, பூஜைக்கு முன்னாடி ஒரு ரப்பிங் பாலிஷ் போட்டுக் குடுத்துருங்க. வண்டி பூராம் வட்ட வட்டமா கோடு தெரியுது." நானும் சிங்காநல்லூர்ப் பக்கம் பட்டறை வைத்திருப்பவன். தேடி வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் வருஷா வருஷம், சர்வீஸுக்கு சர்வீஸ் என்று ரப்பிங் போடும் பழக்கம், அதாவது காம்பவுண்டு என்கிற தேய்க்கும் பசையை வைத்துப் பெயின்ட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது, நல்ல வண்டிகளை எப்படிக் கெடுக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கார் வைத்திருப்பவர்களுக்கும், அந்தக் காரைத் துடைத்துப் பிழைப்பவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் தொழில் கற்ற காலத்தில் அம்பாசடருக்கும் பியட்டுக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்தான். ஸ்பிரே கன்னால் அடித்துக் காய்ந்ததும் மங்கலாகத்தான் நிற்கும். வாட்டர் பேப்பர் போட்டு, ரப்பிங் காம்பவுண்டு வைத்துத் தோள் வலிக்கத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். வெயிலில் நின்று வெளிறினால் மறுபடி தேய்ப்போம். துணியில் வண்டியின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும், அடியிலிருந்து பழைய நிறம் எழும். தேய்ந்து போனால் இன்னொரு கோட் அடிப்பது பெரிய காரியமில்லை. அன்றைக்கு ரப்பிங் என்பது பெயின்ட் வேலையிலேயே ஒரு பகுதி. அந்த நினைப்பைத்தான் இன்றைய வண்டியிலும் காட்டுகிறோம்.

இன்றைய வண்டி வேறு. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனி பெயின்ட் மொத்தமும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 மைக்ரான். பளபளப்பு அதில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அதுதான். கம்பளிப் பேடும் முரட்டுக் காம்பவுண்டும் வைத்து ஒரு தடவை ஓட்டினால் இரண்டு மூன்று மைக்ரான் போய்விடும். கதவு ஓரம், பானெட் மடிப்பு போன்ற இடங்களில் இன்னும் அதிகமாகப் போகும். போனது போனதுதான். நாலைந்து வருஷம் விடாமல் ரப்பிங் போட்ட வண்டிகள் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து என்னிடம் வருகின்றன. அதற்குப் பிறகு பாலிஷ் பேச்சுக்கே இடமில்லை, பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

சரி, அந்த வட்டக் கோடு என்ன? எவர்சில்வர் தட்டைக் கழுவி பல்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வெளிச்சத்தைச் சுற்றி வட்டமாக நூல் நூலாகத் தெரியும். காரிலும் அதேதான். உண்மையில் அவை வட்டமான கோடுகளே இல்லை. எல்லாத் திசையிலும் ஓடும் பொடிக் கீறல்கள். வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகப் படுகிறது. "வட்டமாத் துடைச்சதாலதான் வந்துச்சு, நேராத் துடைச்சா வராது" என்று சொல்பவர்கள் உண்டு. துணியில் மணல் இருந்தால் நேராகத் துடைத்தாலும் கீறும். நம் ரோட்டுப் புழுதியில் இருக்கும் மணல் கண்ணாடியையே கீறக்கூடியது. கிளியர் கோட் எம்மாத்திரம்?

போன மாதம் ஒரு கறுப்புக் கார் வந்தது. வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வண்டி துடைக்கும் பெரியவர்தான் கெடுத்துவிட்டார் என்று சொந்தக்காரர் அவருக்கு அந்த மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் விடிகாலையில் அங்கே போய்ப் பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பனியன் துணி. அதே தண்ணீரில் நாலைந்து வண்டி. தண்ணீர் எடுத்து வர வேண்டிய குழாய் கீழ்த்தளத்தின் அந்தக் கோடியில். முதலில் சக்கரம், பிறகு அதே துணியால் பானெட். வாளியைச் சாய்த்துக் காட்டினேன். அடியில் விரலால் அள்ளும் அளவுக்கு மணல். அந்தத் துணியைப் பிழிந்து என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தபோது நறநறவென்றது. இதில் அந்தப் பெரியவரின் குற்றம் என்ன? தினமும் துடைத்தாக வேண்டும் என்று சொன்னது வண்டிக்காரர்கள். இரண்டாவது வாளி வாங்கித் தராததும் அவர்கள்தான். சம்பளத்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் அந்த வண்டியில் கை வைத்தேன்.

அந்தப் பெரியவருக்குக் காட்டியதையே இங்கேயும் எழுதுகிறேன். தினமும் துடைக்க வேண்டாம். காய்ந்த புழுதி மேல் துணியோ தூசி தட்டும் பிரஷ்ஷோ படவே கூடாது. முன்பின் கண்ணாடியும் விளக்கும் மட்டும் தினம் துடைத்தால் போதும். வாரம் ஒரு தடவை, நிழலில், பானெட் சூடு ஆறிய பிறகு கழுவுங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றி, தானாக வரும் மண்ணைத் தானாக வர விடுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு கதவு துடைத்தால், வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவுக்குப் போக வேண்டும். கூரையில் ஆரம்பித்து, புழுதி அதிகமுள்ள அடிப்பகுதிக்குக் கடைசியில் வாருங்கள். கீழே விழுந்த துணியை அலசிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், அதைச் சக்கரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். துடைக்கும் மைக்ரோஃபைபர் டவலை அழுத்தாமல் விரித்துப் போட்டு ஈரத்தை உறிஞ்ச விட்டாலே போதும்.

எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை உப்புத் தண்ணி. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காய விட்டால் வெள்ளைப் புள்ளி படியும். நாள்பட்டால் கிளியர் கோட்டிலேயே குழி விழும். அதற்காகச் சிறுவாணித் தண்ணீரைக் காருக்குக் கொட்டச் சொல்ல மாட்டேன், அது பாவம். வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு ஊற்றினால் புள்ளி நிற்காது, அதில் உப்பு மிகக் குறைவு. பறவை எச்சத்தையும், பூஜையன்று பானெட்டில் வைத்துக் காய்ந்த சந்தனத்தையும் நகத்தால் சுரண்டுகிறார்கள். ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு வைத்தால் ஊறித் தானே வரும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் பழைய கோடு கண்ணை உறுத்தினால் பாலிஷ் போடலாம், தப்பில்லை. ஆனால் எப்படி என்று கேட்டுப் போடுங்கள். நகம் வைத்து இழுத்தால் மாட்டும் கீறல் பாலிஷில் போகாது. போக வைக்கிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கழுவிய பின் பாலித்தீன் கவருக்குள் கையை விட்டு பானெட்டைத் தடவினால் சொரசொரப்பு இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் முதலில் கிளே என்கிற, களிமண் மாதிரிப் பிசையும் கட்டியைப் போட்டு அதை எடுக்க வேண்டும். பிறகு ஒரு முழ அகலத்தில், மெல்லிய பாலிஷையும் மென்மையான ஃபோம் பேடையும் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதில் முக்கால்வாசிக் கோடு போனால் அதோடு நிறுத்துவதுதான் நல்ல கைக்காரர் செய்வது. பாலிஷ் மெஷினில் இரண்டு வகை. டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷின் ஆடிக்கொண்டே சுற்றுவதால் சூடு குறைவு. ஒரே இடத்தில் சுற்றும் ரோட்டரி மெஷினை, ஓட்டத் தெரியாமல் வேகமாக ஓட்டினால் வெயிலில் புகை மாதிரி தடம் தெரியும், ஓரங்களில் பெயின்ட்டே எரிந்துவிடும்.

கண்ணில் மண் தூவும் வேலை ஒன்றும் நடக்கிறது. எண்ணெய், மெழுகு கலந்த கிளேஸை அப்பிக் கோட்டை மறைத்து, விளக்கைப் போட்டுக் காட்டிப் பணம் வாங்கிவிடுவார்கள். இரண்டு வாஷில் கோடெல்லாம் திரும்ப வந்து நிற்கும். வண்டி எடுக்கும்போது ஒரு பேனலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மை அங்கேயே தெரிந்துவிடும். செராமிக் கோட்டிங்கில் 9ஹெச் என்று போட்டிருப்பதைப் பார்த்து வைரம் மாதிரி என்று நம்ப வேண்டாம். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. தண்ணீர் உருண்டோடும், கழுவச் சுலபம். ஆனால் அழுக்கு வாளி அதையும் கீறும். டூத் பேஸ்ட் வைத்துத் தேய்ப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம்.

கடைசியாக, உங்கள் நாளிதழ் வழியாகப் பட்டறைக்காரர்களுக்கும் சர்வீஸ் சென்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வண்டிக்காரரைக் கேட்காமல் சர்வீஸ் பில்லில் ரப்பிங்கைச் சேர்க்காதீர்கள். பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் இன்று சின்னப் பட்டறையும் வாங்கக்கூடிய பொருள்தான். அது மொத்தக் கனத்தைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது, பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. அப்படியிருந்தும் ஒவ்வொரு பேனலிலும் வேலைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தால், எவ்வளவு தேய்ந்தது என்று வண்டிக்காரருக்குத் தெரியும். அடுத்த தடவை போடலாமா வேண்டாமா என்று அவரே முடிவு செய்வார். என் பட்டறையில் எழுதிக் கொடுக்கிறோம். குடியிருப்புச் சங்கங்கள், வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குழாயும், துடைப்பவருக்கு இரண்டாவது வாளியும், அரை டஜன் மைக்ரோஃபைபர் துணியும் இந்தப் பூஜை போனஸோடு சேர்த்துக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கார் பெயின்ட் பட்டறை உரிமையாளர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.