ஃபார்மட் போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சுல்ல, அதுலேருந்து எங்க நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு சர்வீஸ் கடைக்கு வர்றவங்க நிறைய. கடையில என்ன பண்றாங்கன்னா, புது விண்டோஸ் ஏத்தறதுக்கு, மார்க்கர் பேனாவால பேரு எழுதின டிவிடி ஒண்ண எடுத்துப் போட்டு அதுலேருந்தே லேப்டாப்பை ஸ்டார்ட் (பூட்) பண்ணி, ஒரு வார்த்தை கேக்காம விண்டோஸ் இருக்கற சி டிரைவை ஃபார்மட் அடிச்சு, அதுல இருக்கறதெல்லாம் அழிச்சிடுறாங்க. டெஸ்க்டாப்புல, டாக்குமெண்ட்ஸ்ல வச்சிருக்கறதெல்லாம் அந்த சி டிரைவுலதான் கெடக்குதுன்னு நம்ம ஜனங்க பல பேருக்குத் தெரியாதுங்க. எங்க தெருவுல ஒரு விவசாயி வீட்டுல சிட்டா, சம்பா இன்சூரன்ஸ் கட்டுன ரசீது, பொண்ணு கல்யாண போட்டோ அத்தனையும் இப்படித்தான் போச்சு. சிட்டாவ ஆன்லைன்ல திரும்ப எடுத்துக்கலாம், போட்டோவுக்கு அவங்க எங்க போவாங்க?

ஃபார்மட் போட்டாத்தான் புதுசு ஏறும்னு சொல்றது சரியில்ல. ஓடிக்கிட்டிருக்கற விண்டோஸுக்குள்ள இருந்தபடியே டிஸ்க்கைப் போட்டு செட்டப்பை ஓட்டினா, ஃபைலு, சாஃப்ட்வேரு எல்லாத்தையும் அப்படியே வச்சுக்கலாமான்னு அதுவே கேக்கும். டிஸ்க்குலேருந்து பூட் பண்ணினா அந்த வழி கெடையாது. 32 பிட்ங்கற பழைய வகை விண்டோஸ் இருக்கற மிஷின்ல 64 பிட்ங்கற புது வகை ஏத்தணும்னா மட்டும் புதுசாத்தான் போட்டாகணும், விண்டோஸ் 11 64 பிட்ல மட்டும்தான் வருது. அப்பவும் முதல்ல எல்லாத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்குல காப்பி எடுத்துக் குடுத்துட்டு அப்புறம் கை வைக்கலாமே.

இன்னொண்ணு, 2011-லேருந்து அரசாங்கம் பிள்ளைங்களுக்குக் குடுத்த லேப்டாப் டெல்டாவுல இன்னும் எத்தனையோ வீட்டுல இருக்கு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு வசதி மிஷின்லயே வேணும், அந்தக் காலத்து மிஷின்ல அது இருக்காது. அதனால தூக்கிப் போட வேணாம், விண்டோஸுக்குப் பதிலா போடற லினக்ஸ் மின்ட்டை டிவிடியில எழுதி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பாக்கலாம், காசும் இல்ல, பிடிச்சா அப்புறம் ஏத்திக்கலாம். ஏத்தும்போது சார்ஜர் மாட்டியே இருக்கட்டும், பேட்டரி செத்த லேப்டாப்னா இன்வெர்ட்டர் இருக்கற எடத்துல வச்சுப் பண்ணுங்க, நம்ம ஊர்ல கரண்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும், பாதியில நின்னா பூட்டே ஆகாம போயிடலாம்.

கடைக்காரங்க மேல எனக்குக் கோவம் இல்ல, வேலை சீக்கிரம் முடியணும்னு பண்றாங்க. ஆனா வாங்கும்போதே ரசீதுல 'ஃபைல் வேணுமா, வேணாமா'ன்னு எழுதி கையெழுத்து வாங்கட்டும். உங்க பேப்பர்ல மாவட்டப் பக்கத்துல இதப் பத்தி விவரமா ஒரு செய்தி போட்டீங்கன்னா கடைக்காரங்க கண்ணுலயும் படும்.

ஒரு வாசகர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்