பாதம் இருக்கிறது, ஆனால் அது வேலை செய்கிறதா?

வடக்கில் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கும், அவற்றுக்கு மருத்துவச் சான்று வழங்கும் வைத்தியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

போரில் காலை இழந்து பொய்க்காலோடு வருபவரிடம் நீங்கள் அதிகம் கேள்வி கேட்பதில்லை. அது நியாயம். நான் எழுதுவது பாதம் எஞ்சியவர்களுக்காக. குதிக்கால் எலும்பு நொறுங்கியவர்கள், விரல்கள் போய்ப் பாதி உள்ளங்காலோடு வாழ்பவர்கள், செல் துண்டு நரம்பை அறுத்ததால் முன்பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடப்பவர்கள். யாழ்ப்பாணத்தில் இவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். முன்னாள் போராளிகளும் இருக்கிறார்கள், பங்கருக்குள் இருந்து காயப்பட்ட பொதுமக்களும் இருக்கிறார்கள். பலருடைய விண்ணப்பம் ஒரே குறிப்போடு திரும்பி வருகிறது: நடக்கக்கூடியவர்.

எங்கே, எவ்வளவு நேரம், எந்தத் தரையில் நடக்கக்கூடியவர் என்று யாரும் கேட்பதில்லை.

வெடி கீழிருந்து உந்தும்போது குதிக்கால் எலும்புதான் பெரும்பாலும் நொறுங்குகிறது. எலும்பு பொருந்தினாலும் அதற்கு மேலுள்ள மூட்டு பழைய நிலைக்கு வருவது அரிது. பாதம் இடமும் வலமும் சரிந்து கொடுப்பது அந்த மூட்டினால். சமதரையில் அதன் குறை அவ்வளவாகத் தெரியாது. ஆகவே வைத்தியசாலை விறாந்தையில், வழுவழுப்பான சீமெந்துத் தரையில் நாலு எட்டு நடக்கச் சொன்னால் அவர் நடந்து காட்டிவிடுவார். அவரையே வலிகாமத்தில் ஒரு வெங்காயத் தறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் மாறுவதற்காக ஈர வரம்பில் கால் வைக்கும்போது பாதம் சரிந்து கொடுக்காது, கணுக்கால் மடங்கும், ஆள் விழுவார். தோட்டம் செய்து பிழைத்தவருக்குத் தோட்டம் போய்விட்டது. உங்கள் படிவத்திலோ அவருக்குக் குறை ஏதும் இல்லை.

இன்னொன்று, நீங்கள் அவரைப் பார்ப்பது காலையில். விடிய எழும்பி, பஸ்ஸில் இருந்து வந்து, வாங்கில் காத்திருந்த பாதத்தைப் பார்க்கிறீர்கள். வீக்கமும் வலியும் கடையில் நின்று வேலை செய்த பிறகே ஏறுகின்றன. அதோடு, அதிகாரிக்கு முன்னால் நொண்டிக் காட்டுவதை எங்கள் ஆட்கள் மானக்கேடாக நினைப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பார்கள். பெண்கள் சேலைக் கரையால் பாதத்தை மறைத்துக்கொண்டு இருப்பார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, எங்கே தோல் தடித்திருக்கிறது, எங்கே விறைத்திருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். உணர்ச்சியற்ற பாதத்தோடு வெயிலில் கோயில் வீதியில் நடந்து, தோல் வெந்தது வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்தவர்கள் உண்டு.

1987 முதல் இயங்கும் யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையம் பொய்க்கால் செய்து எத்தனையோ பேரை எழுப்பி நிறுத்தியிருக்கிறது. பாதி பாதம் எஞ்சியவரின் கதை வேறு. முன்பக்கத் தசைநார்களின் பிடி போனதும் பின்பக்கத் தசைநார் குதிக்காலை மேலே இழுக்கும். எஞ்சிய பாதம் கீழ்நோக்கிக் கவிழும். வடு தரையில் பட்டுப் புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டு நல்ல பொய்க்கால் பொருத்தியவர் சில வேளை இவரை விடத் தூரம் நடப்பார். எலும்பு வைத்தியர்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் பாதி பாதம் உள்ளவர் பாதி குறை உள்ளவராகத்தான் பதியப்படுகிறார்.

எங்கள் சட்டம் உறுப்புகளை எண்ணவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் அல்லது உள ஆற்றலில் உள்ள குறைவினால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவரையே மாற்றுத்திறனாளி என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. பகுதியாகவேனும் முடியாதவர் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் இணைந்தது. போரில் மிதிவெடி புதைக்கப்பட்ட முகமாலையில் மண்ணைச் சல்லடை போட்டு வெடி தேடுகிறோம். அதே மண்ணில் நடந்தவர்களின் பாதங்களையும் அந்த அளவு கவனத்தோடு பார்க்கும்படி கேட்கிறேன்.

அமெரிக்காவில் முன்னாள் படையினரின் பாதத்தை அளக்க நுணுக்கமான அட்டவணை இருக்கிறது. தட்டைப் பாதத்துக்குக்கூட, கடுமையையும் ஒரு பாதமா இரண்டுமா என்பதையும் பார்த்து, 0 முதல் 50 வீதம் வரை குறையை மதிப்பிடுகிறார்கள். குதிக்கால் வலியைத் தரும் உள்ளங்கால் சவ்வு அழற்சிக்கு 2021இல் தனிக் குறியீடு வந்தது. பாதம் உடலில் ஒட்டியிருந்தும் பயன்படாது போனால் 40 வீதம். பாதத்தின் கோளாறால் பின்னர் முழங்காலும் நாரியும் கெட்டால் அவற்றையும் அதே காயத்தோடு தொடர்புபடுத்திக் கோரலாம். அங்கேயும் விண்ணப்பங்கள் இழுபடுகின்றன, மறுக்கப்படுகின்றன. அது செல்வந்த நாடு, அவர்கள் அரசின் படையினர் என்பதும் தெரியும். இங்கேயும் அரச படையினருக்கு ஓய்வூதியம் இருக்கிறது, அவர்களின் நலனுக்காக 1999இல் சட்டத்தால் உருவான ரணவிரு சேவை அதிகாரசபை இருக்கிறது. நான் படிவம் எழுதும் ஆட்களுக்கு மாதாமாதம் கிடைக்கக்கூடியது பொது நலன்புரிக் கொடுப்பனவு ஒன்றுதான். ஆகவே அந்த ஒன்றைத் தீர்மானிக்கும் பரிசோதனையாவது முழுமையாக நடக்க வேண்டும்.

ஆவணம் கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காயம் எப்போது ஏற்பட்டது, எந்த வைத்தியசாலையில் சிகிச்சை, அங்கே தந்த சீட்டு எங்கே என்று கேட்கிறீர்கள். 2009இல் போர் நடுவே புதுமாத்தளனில் பாடசாலைக் கட்டடத்தில் இயங்கிய வைத்தியசாலையில் காலுக்குக் கட்டுப் போட்டவரிடம் என்ன சீட்டு இருக்கும்? அமெரிக்கச் சட்டத்தில், போர்க்களத்தில் காயப்பட்டவரிடம் அரச பதிவு இல்லாவிட்டாலும், அவர் சொல்வது அவர் இருந்த சூழலோடு பொருந்தினால் அவருடைய வாக்குமூலமே போதிய சான்றாக ஏற்கப்படும். எதிரான தெளிவான சான்று இருந்தால் மட்டுமே தள்ளுவார்கள். இதற்குப் பணம் செலவாகாது. எக்ஸ்ரேயில் உலோகத் துண்டு தெரியும்போது, கிராம அலுவலரும் உடனிருந்த இரண்டு பேரும் உறுதிப்படுத்தும்போது, இல்லாத காகிதத்துக்காக மனிதரை அலைக்கழிக்காதீர்கள்.

படிவத்தில் இரண்டு வரி இடம் விடுங்கள்: எவ்வளவு நேரம் நிற்க முடியும், மேடுபள்ளத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடியும். மற்றக் காலின் முழங்காலையும் நாரியையும் அதே வேளையில் பாருங்கள். மறுப்பதானால் எந்த மூட்டை, எந்த நரம்பைப் பரிசோதித்து என்ன கண்டீர்கள் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், எங்கே மேன்முறையீடு செய்யலாம் என்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். காரணம் தெரியாததால் பலர் மறுபடி விண்ணப்பிப்பதையே விட்டுவிட்டார்கள். அவர்கள் இனி உங்களைத் தேடி வரமாட்டார்கள். கோப்புகள் உங்களிடம் இருக்கின்றன. கால் காயம் என்று எழுதி மறுக்கப்பட்டவற்றை எடுத்து, அந்த ஆட்களை நீங்களே மறுபரிசோதனைக்கு அழையுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து, படிவம் எழுதிக் கொடுப்பவர்