கொடி கட்டாத வீடுகளைப் பட்டியல் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக்கின் வசிப்போர் கட்டமைப்பில் நானும் ஒரு தொண்டூழியர். ஜூலை பிறந்தால் தேசிய தினத்துக்காகத் தாழ்வாரச் சுவர்களில் கொடி கட்டுவது எங்கள் வேலை. காற்றில் சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலைகளிலும் கேபிள் டை போட வேண்டும். சிவப்பு மேலே இருக்கிறதா என்று கீழே போய் நின்று ஒருமுறை பார்க்க வேண்டும். கிழிந்தாலோ அழுக்கானாலோ மாற்ற வேண்டும், செப்டம்பர் 30க்குள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மனமுவந்து செய்கிற வேலை இது.

இவ்வாண்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், கொடி கட்டாத வீடுகளின் எண்களை வரிசையாகப் போட்டிருந்தார். “இங்கே வந்து சம்பாதிக்கத் தெரிகிறது, கொடி போட மட்டும் மனம் வரவில்லையா?” என்று இன்னொருவர் அதற்குக் கீழே எழுதினார். கட்டைவிரல் உயர்த்தியவர்கள் பலர். அவர்களில் நம் தமிழர்களும் உண்டு. அதனால்தான் தமிழில், உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலில் இருந்த ஒரு வீடு யாழ்ப்பாணத்தில் பிறந்த ஓர் அம்மாவுடையது. குடியுரிமை பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான் தமிழாசிரியராக இருந்தவன் என்பதால் என்னை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். கொடி கொண்டுபோய்க் கொடுத்தபோது கைகூப்பி, வேண்டாம் என்றார். அவருடைய தகப்பனாருக்கு ஊரில் கடை இருந்ததாம். “சுதந்திர தினத்துக்குக் கொடி ஏத்தாட்டி ஒரு பக்கம் வந்து ஏன் எண்டு கேப்பினம், மாஸ்டர். ஏத்தினா அடுத்த நாள் மற்றப் பக்கம் வந்து கேப்பினம். எந்தக் கொடியெண்டாலும் வாசல்ல கட்டினா எனக்கு இரவில நித்திரை வராது.” நான் மறுபேச்சுப் பேசவில்லை. அப்போது அவர் வீட்டுக் கம்பியில் மகனின் தேசிய சேவைச் சீருடை, அந்தப் பச்சை நம்பர் ஃபோர், துவைத்துக் காயப்போட்டிருந்தது. பட்டியல் போட்டவர் கண்ணில் அது படவில்லை போலும்.

இலங்கைக் கொடியின் கதையைத் தெரிந்தால்தான் அந்த அம்மா சொன்னதன் கனம் புரியும். கண்டி அரசின் சிங்கக் கொடியே தேசியக் கொடியாக வேண்டும் என்று 1948இல் நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் சின்னலெப்பை, ஒரு முஸ்லிம். தமிழர் பக்கம் எதிர்ப்பு எழுந்தது. குழு போட்டார்கள். 1951இல் தமிழர்களுக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை என்று இரண்டு பட்டைகள் சேர்ந்தன. குழுவில் இருந்த செனட்டர் நடேசன் உடன்படவில்லை. மஞ்சள் கரை சிங்கத்தைத் தனியாக வேலி கட்டிவிட்டது, பட்டைகள் வெளியே நிற்கின்றன என்பது அவர் மனக்குறை. கொடியைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: வாளேந்திய சிங்கம் அந்தப் பட்டைகளைப் பார்த்தபடிதான் நிற்கிறது. 1972இல் நான்கு மூலைகளிலும் பௌத்தச் சின்னமான அரசிலைகள் வந்தன. சிங்களவர் ஒருவருக்கு அந்த இலைகள் அன்பையும் கருணையையும் சொல்லலாம். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் அவற்றில் என்ன கண்டிருப்பார்? நாட்டு வாழ்த்தும் அப்படித்தான். 2016 சுதந்திர தின விழாவில் அது தமிழிலும் ஒலித்தபோது கண்கலங்கியவர்களை எனக்குத் தெரியும். 2020 விழாவில் தமிழ்ப் பாடல் இல்லை.

இது இலங்கையின் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மன்றத்தில் 1906 முதல் தினமும் பறந்த பிரிட்டிஷ் கொடியை, குறிப்பிட்ட சில நாள்களில் மட்டும் ஏற்றுவது என்று 2012 டிசம்பர் 3ஆம் தேதி வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். கொடியே வேண்டாம் என்றவர்களுக்கும் தினமும் வேண்டும் என்றவர்களுக்கும் நடுவே எட்டிய சமரசம் அது. மாதக்கணக்கில் தெருச்சண்டை. சமரசம் சொன்ன அலையன்ஸ் கட்சியின் அலுவலகம் ஒன்றுக்குத் தீ வைத்தார்கள். சைப்ரஸில் 1960இல் யார் மனமும் நோகக்கூடாது என்று கிரேக்க நீலத்தையும் துருக்கிச் சிவப்பையும் தவிர்த்து, தீவின் வரைபடத்தையும் ஆலிவ் கிளைகளையும் வைத்துக் கொடி செய்தார்கள். 1974 முதல் தீவே இரண்டாகக் கிடக்கிறது.

நம் கொடியும் இழுபறியில் பிறந்ததுதான். அன்றைய துணைப் பிரதமர் டாக்டர் டோ சின் சாய் தலைமையில் வேலை நடந்தது. முதலில் முழுச் சிவப்பாக இருக்கலாம் என்று யோசித்தார்கள். கம்யூனிசக் கொடிபோல ஆகிவிடும் என்று அமைச்சரவை ஒத்துக்கொள்ளவில்லை. சீனர்கள் ஐந்து நட்சத்திரங்களையும் மலாய் முஸ்லிம்கள் பிறையையும் விரும்பினார்கள் என்று லீ குவான் இயூ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டையும் வைத்தார்கள். கூடவே, பிறை என்றால் வளரும் இளம் நாடு, நட்சத்திரங்கள் என்றால் மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் என்று எல்லாருக்கும் பொதுவான பொருளையும் கொடுத்தார்கள். 1959 டிசம்பர் 3 அன்று யூசோஃப் இஷாக் நாட்டுத் தலைவராகப் பதவியேற்ற நாளில் கொடி மக்கள்முன் வந்தது. எங்கள் பிள்ளைகள் அந்த ஐந்து பெயர்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கு முன்னால் நடந்த பேச்சுவார்த்தை அவர்களுக்குத் தெரியாது. எனக்கோ கொடியின் பெருமையே அந்தப் பேச்சுவார்த்தையில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. வலுக்கட்டாயம் இல்லாமல் கிடைத்த கொடி அது. அதை வலுக்கட்டாயமாக வாசலில் தேடுவது என்ன நியாயம்?

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. வெளிநாட்டுச் சின்னங்களை அனுமதியின்றிப் பொது இடத்தில் காட்டக்கூடாது என்று 1949 முதல் சட்டம் உண்டு. காஸா போரை ஒட்டி 2023 நவம்பரில் உள்துறை அமைச்சும் அதை நினைவூட்டியது. அது இருக்கட்டும். நம் கொடியை வீட்டில் கட்டியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கட்டாதவர் நாட்டுப்பற்று இல்லாதவர் என்று தீர்ப்பெழுத வாட்ஸ்அப் குழுவுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளிகளில் தினமும் ஒலிக்கும் நம் தேசியப் பற்றுறுதியை 1966இல் எழுதிய எஸ். ராஜரத்தினம் பிறந்த ஊர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. பத்தாண்டு கழித்து, 1976இல், தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்ற தீர்மானம் அதே வட்டுக்கோட்டையில் நிறைவேறியது. அந்த மண்ணிலிருந்து வந்தவர்களைப் பார்த்து, சம்பாதிக்க வந்தவர்கள் என்று எழுத நமக்கு எப்படி மனம் வருகிறது?

அந்தப் பட்டியலை நீக்கச் சொல்லிக் குழுவில் எழுதினேன். இரண்டு நாள் கழித்து நீக்கினார்கள். மற்ற புளோக்குகளின் தொண்டூழியர்களுக்கும் சொல்கிறேன்: கொடி கேட்டவர்களுக்குக் கொடுங்கள், கட்டத் தெரியாதவர்களுக்குக் கட்டிக் கொடுங்கள், வேண்டாம் என்றவர்களின் வீட்டு எண்ணைக் குறித்துவைக்காதீர்கள்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தேசிய தினத்துக்கு முன்பாக, 1959இல் யார் யார் என்ன கேட்டார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை உங்கள் மாணவர் பக்கத்தில் விரிவாக வெளியிடுங்கள். வகுப்பறைக்கு எடுத்துப்போகத் தயாராக இருக்கும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ஈசூன்